ஒரே ரிடிம், ஆறு குரல்: வேலூரில் ஒரு டான்ஸ்ஹால் தொகுப்பை உருவாக்கும் முறை

பழைய பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்புக்குக் கீழே 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். மெட்டு தெரிந்தவர் அந்த வரியைப் பார்த்த உடனே புதுச் சொற்களைப் பாடத் தொடங்கிவிடலாம். வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தெருக்கூத்திலும், மார்கழி பஜனையிலும், கானாவிலும் இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. எனவே ஓர் இசையைப் பலர் பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிதல்ல. ஆனால் ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையில் பகிரப்படுவது மெட்டு அல்ல. தாளமும் பேஸ் வரியும் சேர்ந்த அடித்தளம். 'ரிதம்' என்ற சொல்லின் ஜமைக்கா உச்சரிப்பான 'ரிடிம்' என்பதே அதற்குப் பெயர். வர்ணமெட்டில் மெட்டு நிலைத்திருக்கும், சொல் மாறும். ரிடிமில் தரை மட்டும் நிலைத்திருக்கும். அதன்மேல் ஒவ்வொரு பாடகரும் தம் மெட்டையும் தம் சொல்லையும் தாமே கொண்டுவர வேண்டும்.

இந்த வேறுபாடு மூளைக்குப் புரிந்தும் கைக்குப் புரியாததால்தான் நான் செய்த முதல் ரிடிம் வீணாயிற்று. காட்பாடியில் ஒரு மாடி அறையில் மூன்று வாரம் உட்கார்ந்து, தாளத்துக்கு மேல் அழகான புல்லாங்குழல் வரி ஒன்றைப் போட்டு, நான்கு பாடகர்களுக்கு அனுப்பினேன். நால்வரும் அந்தக் குழல் வரியையே மெட்டாக எடுத்துக்கொண்டு பாடி அனுப்பினார்கள். சொற்கள் மட்டும் வேறு; மற்றபடி நான்கும் ஒரே பாட்டு. அவர்கள்மேல் குற்றமில்லை. நான் அனுப்பியது ரிடிம் அல்ல, வர்ணமெட்டு. குழலை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பியபோதுதான் நான்கு பாட்டுகள் கிடைத்தன. பின்வரும் வழிமுறைகள் பெரும்பாலும் அந்த ஒரு பிழையிலிருந்து கற்றவை.

தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

மென்பொருளைத் திறப்பதற்கு முன் மூன்று ரிடிம்களையாவது, அவற்றின்மேல் பாடப்பட்ட பல பாடல்களோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள். முதலாவது 'ஸ்லெங் டெங்'. 1981-இல் வெளிவந்த காசியோ எம்.டி.-40 என்ற சிறிய கீபோர்டில், அந்நிறுவனத்தின் ஹிரோக்கோ ஒகுடா என்ற பெண் வடிவமைத்த 'ராக்' என்ற தாளம் ஏற்கெனவே பதிந்திருந்தது. ஜமைக்காவில் நோயல் டேவியிடம் இருந்த கீபோர்டிலிருந்து அந்தத் தாளத்தை எடுத்து, கிங் ஜாமி என்ற தயாரிப்பாளர் அதன் வேகத்தைக் குறைத்து, வெயின் ஸ்மித்தைப் பாடவைத்தார். அது 1985. அதே தரையின்மேல் டெனர் சா, ஜானி ஆஸ்போர்ன் போன்றோரும் தனித்தனிப் பாடல்களைப் பாடினர். பொம்மைக் கீபோர்டின் பொத்தான் ஒன்று ஒரு நாட்டின் இசையையே கணினித் தாளத்தின் பக்கம் திருப்பியது என்பதைக் கேட்டால், விலையுயர்ந்த கருவி இல்லையே என்று நீங்கள் வருந்த மாட்டீர்கள்.

இரண்டாவது 'திவாலி'. ஆம், நம் தீபாவளியின் வடநாட்டுப் பெயர்தான். ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன் உருவாக்கியது. அதில் முன்னால் நிற்பது கைதட்டல். மற்றவை ஒதுங்கி வழிவிடுகின்றன. அதன்மேல் ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' 2003-இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே தரையில் வெயின் வொண்டர் பாடிய 'நோ லெட்டிங் கோ' முற்றிலும் வேறு மனநிலையில், காதல் ஏக்கத்தோடு நடக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே தாளம் என்று தெரிந்தும் நம்ப மனம் வராது. மூன்றாவதாக, 1974-இல் ரூபி எட்வர்ட்ஸ் வெளியிட்ட 'யமஹா ஸ்கேங்க்'. ஒரே ரிடிமின்மேல் அமைந்த பாடல்களை மட்டுமே கொண்ட இசைத்தட்டுக்கு முன்னோடி அதுவே.

இன்னொரு சொல்லையும் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஜமைக்காவில் டீஜே என்பவர் மைக்கைப் பிடித்துத் தாளத்தில் பேசிப் பாடுபவர். இசைத்தட்டை ஓட்டுபவருக்கு செலக்டர் என்று பெயர். நம் ஊரிலோ கல்யாண வரவேற்பில் பாட்டுப் போடுபவரே டீஜே. இந்த வேறுபாட்டை விளக்காமல் 'ஒரு டீஜே வேண்டும்' என்று நான் சொல்லியனுப்பியதில், லேப்டாப்போடும் கலர் விளக்கோடும் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

தரையை அமைத்தல்

வேகத்தை நிமிடத்துக்கு 100 கால்தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சற்றுக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் 100 என்பது கணக்குக்கும் காலுக்கும் எளிது. டான்ஸ்ஹாலின் நடையைப் பிடிக்க வெளிநாட்டுப் பாடப்புத்தகம் தேவையில்லை. மிருதங்கம் ஒரு மாதம் கற்றவர்கூடச் சொல்லக்கூடிய 'தகிட தகிட தக' என்ற சொற்கட்டில் அது முழுவதும் அடங்கியிருக்கிறது. மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் எட்டு அட்சரம். வாயால் இதைச் சொல்லிக்கொண்டே, 1-ஆம், 5-ஆம் அட்சரத்தில் காலைத் தட்டுங்கள். 4-ஆம், 7-ஆம் அட்சரத்தில் கையைத் தட்டுங்கள். கால் தட்டுவது கிக் டிரம், கை தட்டுவது ஸ்னேர். கால் ஒரே சீராக நடக்க, கை அதற்குக் குறுக்கே இழுக்கும். அந்த இழுப்பில்தான் இடுப்பு அசைகிறது. 100 வேகத்தில் இந்த எட்டு அட்சரச் சுற்று 1.2 விநாடியில் முடியும். இரண்டு சுற்று சேர்ந்தால் 2.4 விநாடி. இந்த 16 அட்சரத்தையே இனி ஓர் ஆவர்த்தனம் என்று குறிப்பிடுகிறேன். எல்லா ரிடிமும் இதே வார்ப்பில் அமைந்தவை அல்ல; ஆனால் முதல் ரிடிமை இந்த வார்ப்பில் செய்வதே பாதுகாப்பானது.

அடுத்தது பேஸ். சுருதியை 6 கட்டையில் (கீபோர்டில் A) வைக்கும்படி பரிந்துரைக்கிறேன். காரணம் பாடகரின் தொண்டையைவிட மைக்செட்காரரின் ஸ்பீக்கரைச் சார்ந்தது. 6 கட்டையின் கீழ்ஸ்தாயி ஷட்ஜம் 55 ஹெர்ட்ஸில் விழும். திருவிழாவுக்குக் கட்டும் பெட்டிகள் பலவும் அதை ஓரளவு தாங்கும். மூன்று கட்டைக்கு அருகே இறங்கி 41 ஹெர்ட்ஸில் பேஸ் வைத்தால், ஹெட்ஃபோனில் நெஞ்சை அடைக்கும் அதே வரி சத்துவாச்சாரித் தெருவில் காணாமல் போய்விடும். கைபேசியின் ஸ்பீக்கரில் 55-உம் கேட்காது. அதனால் பேஸுக்குச் சிறிது கரகரப்பைச் சேர்த்து 110, 165 ஹெர்ட்ஸ் மேலொலிகளை எழுப்புங்கள். காது அடிப்படைச் சுரத்தைத் தானே கற்பனை செய்துகொள்ளும்.

பேஸ் வரி இரண்டு ஆவர்த்தனத்துக்கு மேல் நீளக் கூடாது. அதில் ஷட்ஜம் (ஸ), பஞ்சமம் (ப), வேண்டுமானால் மேலே ஒரு நிஷாதம் (நி) போதும். காந்தாரம் (க) என்ற சுரத்தைத் தொடாதீர்கள். சிறிதாகத் தெரிந்தாலும், பல குரல் பகிரும் தரைக்கு இது மிக முக்கியமான விதி. காந்தாரம்தான் பாட்டு சிரிக்கிறதா அழுகிறதா என்பதைத் தீர்மானிக்கும் சுரம். அதை ரிடிமே சொல்லிவிட்டால் ஆறு பாடகரும் ஒரே முகத்தோடுதான் வர முடியும். காலியாக விட்டால், ஒருவர் தாழ்ந்த காந்தாரமான 'சாதாரண காந்தாரத்தில்' சிரித்துக்கொண்டு பாடலாம். மற்றொருவர் உயர்ந்த காந்தாரமான 'அந்தரக் காந்தாரத்தில்' ஊர்வலம் போகலாம். எந்தக் காந்தாரம் சிரிக்கிறது என்பதில் இசைக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். பாடகர் கையில் அந்தத் தேர்வு இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

தாளமும் பேஸும் அமைந்த பிறகு, ரிடிமை அடையாளம் காட்ட ஒரே ஓர் ஒலி போதும். குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் கேட்ட பம்பையையோ, வேலூர்ப் பக்கத்துப் பறையையோ பயன்படுத்த விரும்பினால், ஒரு செய்தியை மனத்தில் வையுங்கள். பறையை வைக்கோல் தீயில் காய்ச்சிய உடனே அதன் ஒலி உயர்ந்து, கூர்மையாக, கண்ணாடி உடைவதுபோல் இருக்கும். ஆறத் தொடங்கியதும் தோல் தளர்ந்து ஒலி இறங்கும். ஆகவே நீண்ட வாசிப்பாகப் பதிவு செய்தால் தொடக்கமும் முடிவும் ஒத்துப்போகாது. காய்ச்சிய கையோடு தனித்தனி அடிகளாகவும், ஓர் ஆவர்த்தன அளவுள்ள சிறு துண்டுகளாகவும் பதிவு செய்துகொண்டு, மீண்டும் காய்ச்சச் சொல்லிக் கேளுங்கள். வாசிப்பவருக்கு நேரக்கூலி முன்பே பேசி, பதிவு எங்கெல்லாம் பயன்படும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கோயில் வாசலில் நின்று கைபேசியில் திருட்டுத்தனமாகப் பதிந்து வந்து, 'நாட்டுப்புற ஒலி' என்று பெயர் வைப்பது சரியல்ல. இந்தத் துண்டை ஒவ்வொரு நான்காவது ஆவர்த்தனத்தின் கடைசி எட்டு அட்சரத்தில் மட்டும் வையுங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடம் அது. குரல் வரும் இடத்தில் பறை அடித்தால், பறைதான் ஜெயிக்கும்.

நீளத்தை 80 ஆவர்த்தனமாக வைத்தால் 3 நிமிடம் 12 விநாடி வரும். முன்னிசைக்கு 8, பல்லவிக்கு 8, சரணத்துக்கு 16; மீண்டும் பல்லவி 8, சரணம் 16, பல்லவி 8; கடைசி 16-இல் பாதியில் குரலும் பாதியில் வெறும் தரையும். பாடகர்கள் இந்தக் கட்டத்தை மீறலாம். ஆனால் கட்டம் ஒன்று இருந்தால்தான் மீறுவதும் காதுக்குத் தெரியும்.

ரிடிமுக்குப் பெயர் வைப்பதும் வேலையில் ஒரு பகுதிதான். பாட்டுகள் ஆறு பெயரில் போகும். அவற்றைக் கட்டிவைப்பது ரிடிமின் பெயர். நாங்கள் கத்திரி வெயிலில் செய்ததால் எங்கள் ரிடிமுக்கு 'முள்ளுக்கத்திரி' என்று பெயரிட்டோம். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது; எங்கள் ரிடிமுக்கு இல்லை.

குரல்களைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே மாதிரி ஆறு பேரைச் சேர்ப்பதால் பயனில்லை. இந்த வகையில் வேலூர் வட்டாரம் கொடுத்துவைத்த இடம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டில் உருதுவில் கவிதை சொல்பவர்கள் கிடைப்பார்கள். காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் வழியில் தெலுங்கு கலந்து பேசுபவர்கள் கிடைப்பார்கள். கானா பாடுபவர் இல்லாத பேட்டை அரிது. கூத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டியவர் ஒருவர் அகப்பட்டால் விட்டுவிடாதீர்கள், தாளத்தில் பேசுவது அவருக்குத் தொழில். இவர்களோடு நன்றாகப் பாடத் தெரிந்த பெண் குரல்கள் இரண்டையாவது சேருங்கள். பேசிப் பாடுபவர்கள் மட்டுமே நிறைந்த தொகுப்பு மூன்றாவது பாட்டிலேயே சலித்துவிடும்.

அனைவருக்கும் ரிடிமை ஒரே நாளில் அனுப்புங்கள். முதலில் முடித்தவரின் பாட்டை மற்றவருக்குக் காட்டாதீர்கள். 'மாதிரிக்குக் கேட்கிறேன், அண்ணா' என்று கெஞ்சுவார்கள். கேட்டால் அந்த மெட்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பொருள் மட்டும் மோதாமல் இருக்க, யார் எதைப் பற்றி எழுதுகிறார் என்பதை ஒற்றை வரியில் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

எழுதத் தெரியாமல் திணறுபவருக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கலாம். 'தகிட தகிட தக' என்பதன்மேல் அப்படியே அமரும் சொற்களை முதலில் தேடச் சொல்லுங்கள். 'தெருவு முழுதும் அனல், மணலு நெறைய நதி.' ஒவ்வொரு பாதியிலும் மூன்று, மூன்று, இரண்டாக எழுத்துகள் விழுவதையும், 'மு', 'அ' என்ற எழுத்துகள் கைதட்டலின்மேல் போய் அமர்வதையும் கவனியுங்கள். மழை பார்க்காத பாலாற்றுக்கு இதற்குமேல் வருணனை வேண்டாம். ஆனால் பாட்டு முழுவதும் இப்படியே எழுதினால் அது அச்சு வெல்லம்போல் ஆகிவிடும். இரண்டு வரி அடைத்து எழுதிய பின், மூன்றாவது வரியில் 'பாலாறு' என்ற ஒரே சொல்லை நெடில் இழுத்து ஓர் ஆவர்த்தனம் முழுக்கப் படரவிடுவதே டீஜேயும் பாடகரும் கலந்த 'சிங்ஜே' பாணியின் சூட்சுமம்.

கோப்பு அனுப்புதலும் குரல் பதிவும்

ரிடிமை வாட்ஸ்ஆப்பில் ஆடியோவாக அனுப்பாதீர்கள். எம்.பி.3 போன்ற சுருக்கிய கோப்புகளின் தொடக்கத்தில் சில மில்லி விநாடி வெற்றொலி சேர்ந்துவிடும். அதைக் கேட்டுப் பாடிய குரலை அசல் ரிடிமோடு பொருத்தும்போது, பாடகர் தாளம் தவறியதுபோல் தெரியும். இப்படி ஒருமுறை நான் தாளக் கட்டுள்ள ஒரு தம்பியைப் பத்துத் தடவை திருப்பிப் பாடவைத்து, கடைசியில் தவறு கோப்பில் என்று தெரிந்து மன்னிப்புக் கேட்டேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். ரிடிமுக்கு முன்னால் ஓர் ஆவர்த்தனம் எண்ணிக்கையும், அதன் முதல் அட்சரத்தில் ஒரு 'டிக்' ஒலியும் வையுங்கள். குரலையும் அதே முதல் நொடியிலிருந்து, இடையில் வெட்டாமல், எந்த எக்கோவும் போடாமல் அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் பெயரில் பாடகர் பெயர், வேகம், சுருதி மூன்றும் இருக்கட்டும்.

வேலூரில் குரல் பதிவு செய்வது வெயிலோடு செய்யும் வேலை. மின்விசிறி ஓடினால் மைக்கில் இரைச்சல். நிறுத்தினால் பாடகருக்கு மயக்கம். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை இரவு பத்து மணிக்கும் தோசைக்கல்லாகத்தான் இருக்கும். விடியற்காலை நான்கரை முதல் ஆறரை வரை பதிவு செய்வதே என் வழக்கம். சுவர்கள் ஆறியிருக்கும்; தெருவில் வண்டி இருக்காது; காட்பாடி சந்திப்பின் ரயில் ஹாரன் மட்டும் எந்த நேரத்திலும் வரும், அதற்கு மாற்று இல்லை. ஹாரன் விழுந்த வரியைக் குறித்துக்கொண்டு மறுபடி பாடவையுங்கள். அறையில் இரண்டு கனத்த போர்வைகளைப் பாடகருக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். மைக்குக்குப் பின்னால் அல்ல. மைக்கின் காது திரும்பியிருப்பது பாடகரின் பக்கம் என்பதால், அவருக்குப் பின்னால் உள்ள சுவரின் எதிரொலியே அதில் அதிகம் விழும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். ஹெட்ஃபோன் காதை முழுவதும் மூடுவதாக இருக்கட்டும். இல்லையென்றால் ஸ்னேர் ஒலி கசிந்து குரலோடு கலந்துவிடும்.

குரலையும் தரையையும் சேர்க்கும் கலவையைப் (மிக்ஸிங்) பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆறு பாட்டிலும் தரையின் ஒலியளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். குரலைத்தான் அதற்கேற்ப வைக்க வேண்டும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் தரையைச் சற்றுத் தணித்தால் சொல் தெளியும். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் தரை நிற்கும் இடங்களை மாற்றுங்கள். பாடகர் தம் நல்ல வரியைச் சொல்லும் நேரத்தில் கிக்கையும் பேஸையும் நிறுத்தி, குரலை மட்டும் தனியே விட்டு, அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அட்சரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து விழவைத்தால், அந்தப் பாட்டுக்கென்று ஒரு ரிடிம் செய்ததுபோல் தோன்றும்.

உரிமையை எழுதி வைத்தல்

நட்பில் தொடங்கிய தொகுப்புகள் பலவும் முறிவது இங்கேதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும் எழுதுங்கள். பாடகர் சொல்லை மட்டுமல்ல, மெட்டையும் தருகிறார் என்பதால் இசையமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. ரிடிம் செய்தவர் பாதி, பாடகர் பாதி என்று வைப்பதையே நான் நியாயமாகக் கருதுகிறேன். ரிடிம் மட்டும் செய்தவர் ஒருவராகவே முழுவதையும் எடுத்துக்கொள்வது ஜமைக்காவில் நெடுங்கால மனக்கசப்பைத் தந்த வழக்காறு. அதை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு பொறி இருக்கிறது. ஆறு பாடகரில் ஒருவர் தம் பாட்டை, ஒரே ஒலி வேறு எங்கே வருகிறது என்று தேடும் யூடியூபின் கன்டென்ட் ஐ.டி.-யில் பதிந்துவிட்டால், அந்தக் கணினி மற்ற ஐந்து பாட்டிலும் அதே தரையைக் கேட்டு, ஐந்தின்மேலும் உரிமை கோரும். யாரும் திருடியிருக்க மாட்டார்கள். ஆனாலும் எல்லோருடைய பாட்டும் மாட்டிக்கொள்ளும். இந்தத் தொகுப்பின் எந்தப் பாட்டையும் கன்டென்ட் ஐ.டி.-யில் சேர்ப்பதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, வெளியிடும்போது விநியோகத் தளத்தில் அந்தக் கட்டத்தைத் தேர்வு செய்யாமல் விடுங்கள். பாட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும் எண்) வாங்குங்கள், குரல் இல்லாத தரைக்கும் ஓர் எண் வேண்டும்.

வெளியிடுதலும் மேடையும்

ஆறு பாட்டையும் ஒரே நாளில் வெளியிடுவதே முறை. வாரத்துக்கு ஒன்றாக விட்டால், இரண்டாவது பாட்டைக் கேட்பவர் முதலாவதைக் காப்பியடித்திருக்கிறார்கள் என்பார். ஒன்றாக வந்தால் அதே மனிதர் யார் பாடியது உசத்தி என்று வாதாடத் தொடங்குவார். நமக்கு வேண்டியதும் அதுதான்.

மேடையில் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தாமல் ஓட்டுவதற்கு 'ஜக்லிங்' என்று பெயர். வேகமும் சுருதியும் ஒன்றே என்பதால் பல்லவி முடியும் ஆவர்த்தனத்தில் அடுத்த பாட்டின் முதல் அட்சரத்தைப் பொருத்தினால், தரை ஓடிக்கொண்டே இருக்கும், குரல் மட்டும் மாறும். கூட்டம் கூச்சலிட்டால் செலக்டர் பாட்டை நிறுத்திப் பின்னுக்கு இழுத்து மறுபடி தொடங்குவார். ஜமைக்காவில் 'புல்-அப்' என்பார்கள், நம் ஊர்க் கூட்டம் 'ஒன்ஸ்மோர்' என்று கேட்கும். ஒரு பாட்டுக்கு இருமுறைக்கு மேல் அதற்கு இணங்காதீர்கள். வரிசையில் மிக வலுவான பாட்டை மூன்றாவதாக வையுங்கள். முதலாவதாக வைத்தால் கேட்பவர் காதுக்குத் தரை இன்னும் பழகியிருக்காது. ஆறாவது பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட வேண்டாம். குரல் இல்லாத வெறும் தரையை, ஜமைக்காவில் 'வெர்ஷன்' எனப்படுவதை, ஓடவிட்டு, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுங்கள். மைக்செட்காரரிடம் நீளமான கேபிளைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ள மறக்க வேண்டாம். மேடை ஏறக் கூச்சப்பட்டு ஓரத்தில் நிற்பவர் இருக்கும் இடத்துக்கே மைக் போக வேண்டியிருக்கும்.